எண்ணெய்த் துளியும் அருவி நீரும்

ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை பொழியத் தொடங்கியதும், செங்கோட்டைக் கணவாயின் வழியே ஈரக்காற்று தென்காசிச் சீமைக்குள் புகுகின்றது. வெயிலின் கடுமை மறைகின்றது. நூலிழை போன்ற மெல்லிய தூறல் காற்றோடு கலந்து வீசுகின்றது. இதனையே மக்கள் சாரல் என்று போற்றுவர். சாரல் தொடங்கிவிட்டது என்னும் செய்தி பரவியவுடன், குற்றாலத்துப் பேரருவியையும் ஐந்தருவியையும் பழைய குற்றால அருவியையும் நாடி மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்வர்.

குற்றால அருவியில் நீராடுவோர் எண்ணெய் தேய்த்துக் கொண்டு நீராடுதல் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அருவிக்குச் செல்லும் வழியில், நல்லெண்ணெயைத் தலையிலும் உடலிலும் சூடு பறக்கத் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் இருந்தனர். எண்ணெயும் சிகைக்காய்த் தூளும் விற்கும் சிறு கடைகளும் இருந்தன. குற்றாலநாதர் திருக்கோயிலிலும் இறைவன் திருமுடிக்கு மூலிகைத் தைலம் சாத்தும் மரபு உண்டு. மலையும் அருவியும் எண்ணெயும் அவ்வூரில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன எனலாம்.

எண்ணெய் தேய்த்த தலையுடன் ஒருவர் பேரருவியின் கீழ் நிற்கின்றார் என்று கொள்வோம். மலையுச்சியிலிருந்து விழும் நீர் அவர் தலைமேல் ஓங்கி அறைகின்றது. ஆயினும், கால்மணி நேரம் நின்றாலும் அவ்வெண்ணெய் முழுதும் நீங்குவதில்லை. கரையேறித் தலையைத் தடவினால் விரல்களில் பிசுக்கு ஒட்டும். ஆனால், ஒரு பிடி சிகைக்காய்த் தூளை நீரில் குழைத்துத் தேய்த்தபின் ஒரு செம்பு நீர் ஊற்றினாலே போதும், எண்ணெய் அகன்றுவிடும். பேரருவியின் வலிமையால் ஆகாததை ஒரு பிடி தூள் செய்துவிடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண, எண்ணெய் நீருக்குள் என்ன வடிவம் கொள்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சிறிது நல்லெண்ணெயை விட்டு நன்றாகக் கலக்கினால், எண்ணெய் சிறுசிறு துளிகளாகச் சிதறுகின்றது. அத்துளிகளை உற்று நோக்கின், அவை அனைத்தும் உருண்டையாகவே இருத்தல் புலனாகும். சதுரத் துளியோ முக்கோணத் துளியோ ஒன்றும் காணப்படுவதில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக வலிமையாக ஈர்க்கும் இயல்புடையன. எண்ணெயின் மூலக்கூறுகள்பால் அவற்றிற்கு அத்துணை நாட்டம் இல்லை. ஆகவே, நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் உள்ள மூலக்கூறுகள் தத்தம் இனத்தை நோக்கி உள்ளிழுக்கப்படுகின்றன. அதனால் அவ்வெல்லை, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல எப்பொழுதும் சுருங்கவே முயல்கின்றது. இச்சுருங்கும் விசையைப் பரப்பு இழுவிசை என்பர். ஒரே அளவு பொருளை உள்ளடக்கும் வடிவங்களுள் மிகக் குறைந்த பரப்புடையது கோளமே. எனவே, சுருங்க முயலும் எல்லை துளியைக் கோளமாக்கிவிடுகின்றது.

பெல்ஜிய நாட்டில் ஜென்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜோசப் பிளேட்டோ என்னும் அறிஞர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இதனை அழகிய சோதனை ஒன்றினால் காட்டினார். எண்ணெய் நீரைவிட இலேசானது. ஆதலின் மேலே மிதந்துவிடும். சாராயமோ எண்ணெயைவிட இலேசானது. அதில் எண்ணெய் மூழ்கிவிடும். நீரையும் சாராயத்தையும் தக்க அளவில் கலந்தால், எண்ணெயின் அடர்த்திக்கு ஒத்த அடர்த்தியுள்ள நீர்மம் கிடைக்கும். அதனுள் ஆலிவ் எண்ணெயை விட்டபோது அது மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை; நடுவே எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றது. புவியீர்ப்பின் தொல்லை நீங்கியதும், துளி எத்துணைப் பெரியதாயினும் உருண்டை வடிவமே கொள்ளும் என்பது இதனால் விளங்கிற்று. அவ்வுருண்டையின் நடுவே ஒரு கம்பியைச் செலுத்திச் சுழற்றியபோது அது தட்டையாகி, பின்னர் வளையமாகவும் மாறிற்று. வியப்பு யாதெனின், பிளேட்டோ 1843 ஆம் ஆண்டளவில் இரு கண்களும் பார்வையிழந்தவர். தம் கண்ணால் காண இயலாத துளிகளின் வடிவங்களைப் பிறர் கண்டு சொல்லக் கேட்டே பல்லாண்டு ஆராய்ந்து, 1873 இல் அவற்றைப் பெருநூலாக வெளியிட்டார்.

நீருக்குள் இருக்கும் துளியின் நிலை இது. நீரின் மேல் மிதக்கும் துளியின் நிலை இதனினும் சுவையானது. அங்கே எல்லை ஒன்றன்று, மூன்று உள்ளன. நீருக்கும் காற்றுக்கும் இடையே ஒன்று. எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையே ஒன்று. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே மற்றொன்று. இம்மூன்று எல்லைகளும் துளியின் விளிம்பில் சந்தித்து, மூவர் கயிறிழுப்பது போல ஒன்றையொன்று இழுக்கின்றன. நீரின் மேற்பரப்பு துளியை வெளிப்புறமாக இழுக்கின்றது. ஏனைய இரண்டும் உட்புறமாக இழுக்கின்றன. தூய நீரின் பரப்பு இழுவிசை, 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன் ஆகும். எண்ணெயின் பரப்பு இழுவிசை அதில் பாதியளவுகூட இல்லை. வெளியே இழுப்பது வெல்லுமாயின் எண்ணெய் பரவும். உள்ளே இழுப்பவை வெல்லுமாயின் முத்துப் போலத் திரண்டு நிற்கும். 1774 இல் பெஞ்சமின் பிராங்கிளின் வெளியிட்ட கட்டுரையில், இலண்டனுக்கு அருகே ஒரு குளத்தில் தாம் விட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பிற்குப் பரவி, அலைகளை அடக்கிக் குளத்தைக் கண்ணாடி போல ஆக்கிய செய்தியைக் கூறியுள்ளார்.

இம்மூவகை இழுப்பின் விளைவைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மருத்துவத்தை ஒட்டி வளர்ந்தது. தென்காசியிலிருந்து கடையம் செல்லும் வழியில் தோரணமலை என்னும் குன்று ஒன்று உண்டு. குன்றின்மேல் முருகன் கோயில் உள்ளது. அகத்தியரும் அவர் மாணாக்கராகிய தேரையரும் அங்கே மருத்துவம் பயிற்றினர் என்பது அவ்வட்டாரத்து மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. அரசன் ஒருவனது மண்டைக்குள் இருந்த தேரையைக் கலத்து நீரைக் காட்டி வெளியே குதிக்கச் செய்தமையால் அம்மாணாக்கர் தேரையர் எனப் பெயர் பெற்றார் என்னும் கதையும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், தேரையர் பெயரால் வழங்கும் மருத்துவ முறைகளுள் நெய்க்குறி என்பது ஒன்று. நோயாளியின் காலைச் சிறுநீரை ஒரு கலத்தில் ஏந்தி, காற்றில் அசையாத இடத்தில் வைத்து, அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை மெல்ல விட்டு, துளி கொள்ளும் வடிவத்தைச் சித்த மருத்துவர் நோக்குவர். துளி பாம்பு போல நீண்டால் வாதம் எனவும், மோதிரம் போல வளைந்து பரவினால் பித்தம் எனவும், முத்துப் போல நின்றால் கபம் எனவும் அவர்கள் கொள்வர்.

நோயை உறுதி செய்தற்கு இக்காலத்து ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு நெய்க்குறி ஈடாகாது. ஆயினும், நீரில் கலந்துள்ள பொருளுக்கு ஏற்ப அதன் மேல் விழும் எண்ணெயின் வடிவம் மாறும் என்பதைக் கருவி ஏதுமின்றிக் கண்டு, அதனை ஒரு முறையாக வகுத்த கூர்மை பாராட்டத்தக்கதே. பித்த நீரில் உள்ள உப்புகள் பரப்பு இழுவிசையைக் குறைக்க வல்லன. மேனாட்டு மருத்துவக் கூடங்களிலும் சிறுநீரின் மேல் கந்தகத் தூளைத் தூவி, அது மிதந்தால் பித்த உப்பு இல்லை எனவும், மூழ்கினால் உண்டு எனவும் அறியும் ஹே என்பாரின் சோதனை நெடுங்காலம் கையாளப்பட்டது. அங்கே கந்தகத் தூள். இங்கே எண்ணெய்த் துளி. இரண்டும் நீரின் மேற்பரப்பையே வினவுகின்றன.

இனி, சிகைக்காய்க்குத் திரும்புவோம். சிகைக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்னும் பொருள் அடங்கியுள்ளது. சோப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். சப்போனின் மூலக்கூறு இருதன்மை உடையது. அதன் ஒரு பகுதி சர்க்கரையால் ஆனது. அது நீரை நாடும். மற்றொரு பகுதி கொழுப்புப் போன்றது. அது நீரை வெறுத்து எண்ணெயை நாடும். இத்தகைய மூலக்கூறு நீருக்குள் விடப்பட்டால் எங்கே சென்று தங்கும்? நீருக்குள் இருந்தால் கொழுப்புப் பகுதிக்குத் துன்பம். எண்ணெய்க்குள் இருந்தால் சர்க்கரைப் பகுதிக்குத் துன்பம். இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையே அதற்கு ஏற்ற இடம். அங்கே தலை நீரிலும் வால் எண்ணெயிலுமாக அது வரிசை கட்டி நிற்கின்றது. சோப்பின் மூலக்கூறும் இவ்வாறே நிற்கும். எல்லையில் நிற்கும் இத்தகைய பொருள்களைப் பரப்புச் செயலிகள் என்று வேதியியலார் வழங்குவர்.

நீரும் எண்ணெயும் நேருக்கு நேர் சந்தித்த எல்லையில், இரு தரப்பிற்கும் உறவான ஒருவர் வந்து நின்றதும் பகை தணிகின்றது. எல்லையின் இழுவிசை தளர்கின்றது. எண்ணெய்க்கும் தூய நீருக்கும் இடையே ஒரு மீட்டருக்கு இருபது, முப்பது மில்லிநியூட்டன் அளவில் இருந்த இழுவிசை, நல்ல பரப்புச் செயலியைச் சேர்த்தபின் ஒன்றிரண்டாகத் தாழ்ந்துவிடும். இதற்கு வேண்டிய பொருளோ மிகச் சிறிது. எல்லையை ஒரு மூலக்கூறு கனத்திற்கு மூடினால் போதுமாதலின், ஒரு சிட்டிகைத் தூள் பெருவேலை செய்துவிடுகின்றது.

இவ்வெல்லைப் படலத்தை அளக்கும் முறையை முதலில் வகுத்தவர்களுள் ஒருவர், ஜெர்மனியில் தம் வீட்டுச் சமையலறையில் இருந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் என்னும் பெண்மணி. அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் நீரின் மேல் எண்ணெயும் அழுக்கும் நடந்துகொள்ளும் முறையைக் கண்ட அவர், ஒரு தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன் மேற்பரப்பைத் தகரப் பட்டையால் குறுக்கியும் விரித்தும், பரப்பு இழுவிசை மாறுவதை அளந்தார். தம் முடிவுகளை ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவற்றின் அருமையை உணர்ந்த ராலே, 1891 இல் ‘நேச்சர்’ என்னும் இதழில் அக்கடிதம் வெளிவரச் செய்தார். பரப்பு வேதியியலின் தொடக்கங்களுள் ஒன்று இவ்வாறு அடுக்களையில் நிகழ்ந்தது.

எல்லையின் இழுவிசை தளர்ந்ததும் தலைமயிரில் என்ன நிகழ்கின்றது என்பதைக் காண்போம். மயிரிழையின் மேற்புறம் இயல்பாகவே சிறிது நெய்த்தன்மை உடையது. ஆதலின் எண்ணெய் அதன்மேல் துளியாக நில்லாமல் மெல்லிய பூச்சாகப் பரவிக் கிடக்கின்றது. பூச்சாகக் கிடக்கும் எண்ணெயை நீர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பற்றி இழுக்க முடியாது. சுவரில் ஒட்டிய தாளைக் காற்று பெயர்க்க முடியாததைப் போன்றது அது. சிகைக்காய் நீர் பட்டவுடன் சப்போனின் மூலக்கூறுகள் மயிரிழையின் மேலும் எண்ணெயின் மேலும் படிகின்றன. மயிரிழையை இப்பொழுது நீர் எளிதில் நனைக்கின்றது. நீர் ஓரங்களிலிருந்து உட்புகப் புக, எண்ணெய்ப் பூச்சு சுருண்டு சுருண்டு மேடாகி, இறுதியில் இழையைச் சிறிதளவே தொட்டுக்கொண்டிருக்கும் உருண்டையாகின்றது. அந்நிலையில் ஒரு செம்பு நீரே அதனை உருட்டிச் செல்லப் போதுமானது. எண்ணெய் கரைந்துவிடவில்லை, அதன் வடிவந்தான் மாறிற்று. பூச்சு துளியானமையே தலை தூய்மையானமைக்குக் காரணம்.

அவ்வாறு பெயர்ந்த துளி ஓடும் நீரில் அகப்பட்டதும் அடுத்த மாற்றம் தொடங்குகின்றது. ஓட்டம் துளியை இழுத்து நீட்ட முயல்கின்றது. எல்லையின் இழுவிசை அதனை மீண்டும் உருண்டையாக்க முயல்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நடக்கும் போரை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜி. ஐ. டெய்லர் 1934 இல் ஆராய்ந்து வெளியிட்டார். நான்கு உருளைகளைச் சுழலவிட்டு, அவற்றின் நடுவே ஒரு துளியை நிறுத்தி, அது எவ்வாறு நீள்கின்றது என்று அவர் கண்டார். ஓட்டம் வலுக்க வலுக்கத் துளி முட்டை வடிவமாயிற்று; பின்னர் நீண்ட இழையாயிற்று; அவ்விழை மணிகளாக அறுந்தது. இழுவிசை குறைந்த துளியை நீட்டச் சிறிய ஓட்டமே போதும். சில வேளைகளில் துளியின் இரு முனைகளும் நெல்மணி போலக் கூர்மையாகி, அக்கூரிலிருந்து நுண்துளிகள் புறப்படும். பரப்புச் செயலி மூலக்கூறுகளை ஓட்டம் இரு முனைகளுக்கும் ஒதுக்கித் தள்ளிவிடுவதால், அங்கு மட்டும் இழுவிசை பெரிதும் தாழ்ந்து கூர் உண்டாகின்றது என்று பின்வந்தோர் விளக்கினர்.

துளி சிதறுவதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளி, ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள நுண்துளிகளாக உடைந்தால், அவற்றின் எண்ணிக்கை 100 கோடி ஆகும். எண்ணெயின் மொத்தப் பரப்பு ஆயிரம் மடங்காகும். இத்துணைப் பரப்பை உண்டாக்க, இழுவிசை மிகுந்த தூய நீரில் பெருமுயற்சி வேண்டும். உண்டாக்கினாலும் துளிகள் விரைவில் ஒன்றோடொன்று கூடிவிடும். பரப்புச் செயலி படிந்த துளிகளோ ஒன்றையொன்று நெருங்கினும் எளிதில் கூடுவதில்லை. அதனால் நீர் பால் போல வெண்ணிறமாகின்றது. இத்தகைய கலவையைப் பால்மம் என்பர். பாலும் அத்தகையதே, அதில் புரதம் முதலியவை கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து காக்கின்றன. உண்ட நெய்யைக் குடலில் நுண்துளிகளாகச் சிதைக்கும் பித்த நீரின் வேலையும் இதுவே.

துளிகள் எக்காலத்தும் உருண்டையாகவே முடிய வேண்டும் என்னும் எண்ணத்தை அண்மைக்கால ஆராய்ச்சி அசைத்துவிட்டது. சிலி நாட்டில் வளரும் குயில்லயா மரப்பட்டையின் சப்போனின், துளியின் மேல் விறைப்பான தோலாகப் படிகின்றது. அத்துளியை உறிஞ்சிச் சிறுக்கச் செய்தால், அது சிறிய உருண்டையாவதில்லை. உலர்ந்த திராட்சை போல அதன் தோல் சுருக்கம் விழுகின்றது. இதனினும் வியத்தகு காட்சியைப் பல்கேரிய நாட்டுச் சோபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிகொலாய் டென்கோவும் அவர்தம் குழுவினரும், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒருவரும் சேர்ந்து 2015 இல் வெளியிட்டனர். பதினாறு கரியணுக்கள் கொண்ட எண்ணெயை நுண்துளிகளாக்கி, நீண்ட வால் உள்ள பரப்புச் செயலியை நீரில் சேர்த்து, மெல்ல மெல்லக் குளிர்வித்தனர். எண்ணெயின் உட்புறம் நீர்மமாக இருக்கும்போதே, எல்லையில் நின்ற வால்களோடு சேர்ந்து அதன் மேற்புறம் ஒழுங்குபட்டு உறையத் தொடங்கிற்று. உருண்டைத் துளிகள் பல முகங்கள் கொண்ட மணிகளாயின. பின்னர் அறுகோணத் தகடுகளாகவும், நாற்கோணங்களாகவும், முக்கோணங்களாகவும் மாறின. சில நீண்ட கோல்களாகி நுனியில் மெல்லிய இழைகளையும் நீட்டின. உளியும் அச்சும் இல்லாமல், குளிரும் ஒரு மூலக்கூற்றுத் தோலும் சேர்ந்து இவ்வடிவங்களைச் செதுக்கின. குவளையைக் கலக்கிக் காணும் நல்லெண்ணெயில் இவை தோன்றா. அதற்குத் தக்க எண்ணெயும் தக்க செயலியும் நிதானமான குளிரும் கூடிவர வேண்டும்.

குற்றாலத்து நீரின் இயல்பையும் இங்கே ஒருசிறிது கூற வேண்டும். அருவி நீர் அண்மையில் பெய்த மழைநீர். கடினமான பாறைகளின் மேல் ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு உப்புகள் மிகுதியாகக் கரைவதில்லை. ஆகவே அது மென்னீர். சோப்பு அதில் எளிதில் நுரைக்கும். அதே மாவட்டங்களின் சமவெளியில், சுண்ணாம்புக்கல் உள்ள நிலத்துக் கிணற்று நீர் கடினநீராக இருக்கும். அதில் சோப்பு, சுண்ணாம்போடு கூடித் திரிந்து வெண்பொடியாகப் படிந்துவிடும். எல்லைக்குச் சென்று நிற்க மூலக்கூறு எஞ்சாது. சப்போனின் அவ்வாறு எளிதில் திரிவதில்லை. கிணற்று நீரை நம்பி வாழ்ந்த ஊர்களில் சிகைக்காயும் அரப்பும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

எல்லையில் நின்று துளியின் வடிவத்தை மாற்றும் இவ்வாற்றல் தலையோடு நிற்பதில்லை. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, அருவிகளின் நீரை ஏந்திக்கொண்டு தென்காசி வழியாக ஓடி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கின்றது. வழியில் உள்ள அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அதன் நீரை வயல்களுக்குக் கொண்டு செல்கின்றன. அருவியில் ஒரு நாள் ஆயிரக்கணக்கானோர் கழுவிவிட்ட எண்ணெயும் சிகைக்காயும் சோப்பும் ஷாம்புவும் இவ்வாற்றில்தான் இறங்கின.

மீனின் செவுள் மிக மெல்லிய தோலால் ஆனது. நீரில் கரைந்துள்ள உயிர்வளி அத்தோலின் வழியாகவே குருதியை அடைகின்றது. அத்தோலின் உயிரணுக்களைச் சூழ்ந்திருப்பதும் ஒருவகைக் கொழுப்புப் படலமே. எண்ணெய்த் துளியின் எல்லையை நாடும் மூலக்கூறு இப்படலத்தையும் நாடும். அதன் ஒழுங்கைக் குலைக்கும். சப்போனின் நிறைந்த செடிகளைக் குட்டைகளில் இட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்ததும் இதனாலேயே. இறால் பண்ணைகளில் வேண்டாத மீன்களை ஒழிக்க, சப்போனின் மிகுந்த தேயிலை விதைப் பிண்ணாக்கை இக்காலத்தும் இடுகின்றனர். எனவே, சிகைக்காய் இயற்கைப் பொருள், ஆதலின் ஆற்றுக்குத் தீங்கில்லை என்று வாதிடுவோர், மீனின் பக்கத்திலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. அளவு மிகுந்தால் இயற்கைப் பொருளும் செவுளைத் தாக்கும்.

ஆயினும் சப்போனினுக்கும் சோப்பிற்கும் ஒரு நற்பண்பு உண்டு. நீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு சிதைத்துவிடும். 1950ஆம் ஆண்டுகளில் மேனாடுகளில் பெருவழக்காக வந்த செயற்கைச் சலவைத் தூள்களில் இருந்த செயலியின் வால், கிளைத்த மரம் போன்ற அமைப்புடையது. நுண்ணுயிர்களால் அக்கிளைகளை எளிதில் சிதைக்க இயலவில்லை. அதனால் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்து நின்றது. மேற்கு ஜெர்மனி 1961 இல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. 1965 ஐ ஒட்டி உற்பத்தியாளர்கள் கிளையற்ற நேர்வால் உள்ள செயலிகளுக்கு மாறினர், நுரையும் அடங்கிற்று. தலை அதே தலை; வாலின் வடிவம் மட்டுமே வேறு.

குற்றாலத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014 ஆம் ஆண்டில் தலையிட்டு, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. தலைமுறையாக வந்த எண்ணெய்க் குளியல் அருவிக்கரையில் இல்லாமற் போவதை விரும்பாதோர் உண்டு. எண்ணெய் தேய்த்துவிடுவதையே பிழைப்பாகக் கொண்டோர்க்கு அது பெரும் இழப்பு என்பதையும் மறைத்தற்கில்லை. எனினும், அருவிக்கரைப் பாறையில் படிந்த எண்ணெய்ப் பூச்சில் கால் வழுக்கி விழும் இடர் ஒருபுறம். கீழே அந்நீரையே நம்பி வாழும் மீனும் வயலும் ஊரும் மறுபுறம். இரண்டையும் எதிரே வைத்துப் பார்க்கும்போது, தடை முறையானதே.

வீட்டில் எண்ணெய் தேய்த்துச் சிகைக்காயிட்டு முழுகினால், அந்நீர் வாழை மரத்தின் அடிமண்ணில் சென்று சுவறும். மண்ணின் நுண்ணுயிர்கள் சப்போனினைச் சிதைக்கின்றன. எண்ணெயும் மெல்ல மெல்ல மட்கிவிடும். ஓடும் ஆற்றிலோ நிலைமை வேறு. துளிகளைச் சூழ்ந்திருந்த செயலி வழியில் நீர்த்துப் போகின்றது. ஒரு பகுதி சிதைந்தும் விடுகின்றது. காப்புத் தோலை இழந்த நுண்துளிகள், ஓட்டம் தணிந்த அணைக்கட்டின் பின்புறத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன, தொட்டவை கூடுகின்றன, கூடியவை பெருத்து மேலே வருகின்றன. மேலே வந்த துளி, பிராங்கிளினின் குளத்தில் நிகழ்ந்தது போல, நீரின்மேல் மெல்லிய படலமாக விரிந்து, காலை வெயிலில் மயிற்கழுத்தின் நிறங்களைக் காட்டிக் கிடக்கின்றது.